கயிறு பிடிப்பவர்

போடிநாயக்கனூர் ஏலக்காய் வணிகத்தில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தரம் பார்த்து வருபவன் நான். காயைக் கையில் அள்ளிய மாத்திரத்திலேயே, எட்டு மில்லிமீட்டர் சல்லடையில் நிற்குமா, ஏழுக்கு இறங்கிவிடுமா என்று சொல்லிவிடுவேன். பளபளக்கும் பச்சையைக் கண்டால் முதலில் ஐயுறுவேன். ஈரவிரலால் தேய்த்துப் பார்த்த பிறகே விலை பேசுவேன். அத்தகைய என்னிடம், சற்றும் பழகாத ஒன்றைத் தரம் பார்க்கும் பொறுப்பு வந்து சேர்ந்தது.

கம்பத்தில் வாழும் என் அக்காவுக்கு ஒரே மகன். அவனுக்கு ஏழு வயது நிறையுமுன்பே அவனுடைய அத்தா வஃபாத்தாகிவிட்டார். தோட்டத்துக் கிணற்றில் முங்கு நீச்சல் பழகிய பிள்ளை. சென்னையில் வேலை கிடைத்தபின் விடுமுறைதோறும் அந்தமானுக்குச் சென்று ஸ்கூபா பயின்றான். அதுவரை நாங்கள் எவரும் தடை சொல்லவில்லை. "டெக்னிக்கல் டைவிங் படிக்கப் போகிறேன்" என்று அவன் கூறியபோதுதான் வீடு கலங்கியது.

பொழுதுபோக்காக மூழ்குவோருக்கு 40 மீட்டர் எல்லை. நினைத்த கணத்தில் மேலே வந்துவிடக்கூடிய நேரத்திற்குள் அவர்கள் திரும்பிவிட வேண்டும். மருமகன் விரும்பியதோ அந்த எல்லைகளைக் கடந்த மூழ்கல். கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 40 மீட்டரில் அது தரையில் உள்ளதைப்போல் ஐந்து மடங்கு. அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும் நைட்ரஜன் உடம்பில் கரைந்து நிற்கும். விரைந்து மேலெழுந்தால், சோடாப் புட்டியைத் திறந்தாற்போல் உடம்புக்குள்ளேயே குமிழி கிளம்பும். ஆகவே படிப்படியாக, நின்று நின்றுதான் எழ வேண்டும். கீழே எது நேர்ந்தாலும் உடனே மேலே ஓடிவர வழியில்லை. இதை அறிந்த அன்றிரவு எனக்கு உறக்கமில்லை.

"நீ போய்ப் பார்த்துவிட்டு வா, தம்பி. நீ சரியென்றால் எனக்கும் சரி" என்றார்கள் அக்கா.

மன்னார் வளைகுடாவில், கடைசியாக 1961 வரை, முத்துக் குளித்தார்கள். கீழக்கரையில் நம் சமுதாயத்தாரும் அத்தொழிலில் பெயர்பெற்றவர்கள். காலில் கல்லைக் கட்டி இறங்குபவனின் கயிற்றை மேலே பிடித்திருப்பவன் மனைவியின் உடன்பிறந்தவனாக இருக்க வேண்டும் என்று கடற்கரையில் ஒரு பேச்சு உண்டு. தன் சகோதரி விதவையாவதை எவன்தான் விரும்புவான்! மச்சானுக்கு நான் கயிறு பிடிக்க வாய்க்கவில்லை. அவர் மகனுக்காகவாவது பிடிப்போம் என்று புறப்பட்டேன்.

போர்ட் பிளேர் என நாம் அறிந்த ஊருக்கு 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். அங்கிருந்து விரைவுப் படகில், 2018இல் ஸ்வராஜ் த்வீப் எனப் பெயர் மாற்றப்பட்ட ஹேவ்லாக் தீவை அடைந்தோம். மருமகன் முன்பணம் செலுத்தியிருந்த நிலையம் கண்ணைப் பறித்தது. புதிய படகு, சுவரெங்கும் வண்ணப்படங்கள். "பத்தே நாளில் 60 மீட்டர் காட்டிவிடுவோம்" என்றார் அங்கிருந்தவர். எந்த வாயுவில் என்று மருமகன் கேட்டான். சாதாரணக் காற்றிலாம்! அந்த ஆழத்தில் சாதாரணக் காற்று மது அருந்தியவனைப்போல் மயக்கும் என்பதையும், அதனால்தான் ஹீலியம் கலப்பார்கள் என்பதையும் அவனே எனக்குப் படித்துச் சொல்லியிருந்தான். ஆயினும் அப்போது வாய் திறக்கவில்லை. ஆசை அப்படி.

எனக்கு வாயுக் கணக்குத் தெரியாது, மூக்கு உண்டு. சிலிண்டருக்குக் காற்றடைக்கும் இயந்திரம் காற்றை இழுக்கும் குழாய், ஜெனரேட்டரின் புகைப்போக்கிக்கு நான்கடி தொலைவில் இருந்தது. அந்தப் புகையன்றோ சிலிண்டருக்குள் போகும்! படகிலிருந்த அவசர ஆக்ஸிஜன் பெட்டியைத் திறக்கச் சொன்னேன். தயங்கித் திறந்தார்கள். முள் பூஜ்யத்தில் நின்றது. "நாளை நிரப்பிவிடுவோம்" என்றார்கள்.

இரண்டாவது நிலையம் தகரக் கூரை போட்டது. ஆசிரியர் எங்களுக்கு இருக்கை காட்டுமுன் மருமகனின் மூழ்கல் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கி, பக்கம் பக்கமாகப் படித்தார். "முதல் வாரம் முழுதும் ஆறு மீட்டரில்தான். அசையாமல் நிற்கத் தெரிந்தபின் ஆழம்" என்றார். ஹீலியம் தம்மிடம் இல்லை, ஆகவே 45 மீட்டருக்குக் கீழே பயிற்சியும் இல்லை என்று அவராகவே கூறினார். இல்லாததை இல்லையென்று சொல்லும் வியாபாரியை நான் அங்குதான் கண்டேன் என்றால் மிகையாகாது.

அங்கே ஒவ்வொருவரும் தம் சிலிண்டரைத் தம் கையாலேயே சோதித்து, பெயரையும் ஆக்ஸிஜன் விழுக்காட்டையும் ஆழ எல்லையையும் எழுதி ஒட்டினர். 32 விழுக்காடு என்றால் 33 மீட்டருக்குக் கீழே போகலாகாது. தனி ஆக்ஸிஜன் என்றால் ஆறு மீட்டர்தான். தாண்டினால் வலிப்பு வரும். சுமந்து செல்லும் காற்றில் மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு திரும்புவதற்கு. எஞ்சிய பங்கு உடன் வரும் தோழனுக்கு நேரும் ஆபத்துக்கு.

"குமிழி நோய் கண்டால் எங்கே கொண்டு போவீர்கள்?" என்றேன்.

"ஸ்ரீ விஜயபுரம் கடற்படை மருத்துவமனையில் அழுத்த அறை இருக்கிறது. எண் சுவரில் எழுதியிருக்கிறது. கடைசிப் படகு போனபின் நேர்ந்தால் கடினம். அதனால் பிற்பகலில் ஆழத்திற்கு இறங்குவதில்லை."

அன்று மாலை மருமகன் என்னோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. முன்பணம் திரும்பாது என்பது அவன் வருத்தம். 60 மீட்டரும் போயிற்று. மறுநாள் ஃபஜ்ருக்குப்பின் அவனாகவே வந்து, "மாமு, இங்கேயே சேர்கிறேன்" என்றான்.

நான் திரும்புவதற்கு முந்திய நாள் படகில் உடன் சென்றேன். அன்று 40 மீட்டர் என்று பேச்சு. இறங்கிய பத்து நிமிடத்திற்குள் எல்லோரும் மேலே வந்துவிட்டனர். ஒரு மாணவரின் குழாய் இணைப்பிலிருந்து சிறு குமிழி கசிந்ததாம். ஆசிரியர் கட்டைவிரலை உயர்த்தியிருக்கிறார். யாரும் காரணம் கேட்கவில்லை. மருமகன் துடுப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

கரையேறியதும் அக்காவை அழைத்தேன். "எவ்வளவு ஆழம் போனான்?" என்றார்கள். பாதிவழியில் திரும்பிவிட்டார்கள் என்றேன். சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "அந்த ஆசிரியருக்கு நம் ஏலக்காய் ஒரு கிலோ அனுப்பி வை; எட்டு மில்லிமீட்டராகப் பார்த்து" என்றார்கள்.