டேலி ஆகாதது

வங்கியில் மாலை ரொக்கம் எண்ணி முடிக்கும்போது கம்ப்யூட்டர் காட்டும் தொகையும் கையிலுள்ள தொகையும் ஒன்றாயிருக்க வேண்டும். இல்லையென்றால் தவறு என்னுடையது. வேறு சாத்தியத்துக்கு அங்கே இடமில்லை. இந்தப் பழக்கத்தோடுதான் வீட்டுக்கு வந்து கவிதை விமர்சனம் எழுதுகிறேன்.

1953-ல் லாஸ் அலமாஸில் ஃபெர்மி, பாஸ்டா, உலாம் மூவரும் மானியாக் என்ற கம்ப்யூட்டரில் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க எண்ணினார்கள். ஸ்பிரிங்குகளால் வரிசையாகக் கோத்த சில டஜன் துகள்கள். இழுத்த அளவுக்கு நேர்விகிதத்தில் விசை இருந்தால் கணக்கு சுலபம். அந்த விகிதத்தில் ஒரு சிறு கோணலை வைத்தார்கள். ஒரே அலைவடிவத்தில் ஊட்டிய சக்தி மெல்ல எல்லா வடிவங்களுக்கும் சமமாகப் பரவிவிடும் என்பது எதிர்பார்ப்பு. சில வடிவங்களுக்குப் போயிற்று. பிறகு, ஏறக்குறைய முழுவதும், புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிட்டது.

ஸிமுலேஷன் என்பது தெரிந்த விதியை வேகமாகக் கூட்டிப் பெருக்கும் குமாஸ்தா வேலை என்றே நினைத்திருந்தேன். இங்கே விதி முழுக்க அவர்கள் எழுதியது. ஆயினும் அது என்ன செய்யும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. அந்த அளவில் இது கணக்கல்ல, பரிசோதனை.

ஆனால் வித்தியாசம் தானாகவே கண்டுபிடிப்பாகிவிடாது. புரோகிராமில் பிழையா, தசமங்களை வெட்டியதில் வந்த கோளாறா என்று ஒவ்வொன்றாகக் கழித்துக் கட்டிய பின்னரே மிச்சத்தை நம்பலாம். குமாஸ்தா வேலை என்று நான் ஒதுக்கியது இங்கேதான் உயிர்நாடியாக இருக்கிறது. மானியாக்குக்கு அந்தப் புரோகிராமை எழுதி ஓட்டியவர் மேரி ட்ஸிங்கு. 1955 அறிக்கையின் முகப்பில் வேலை செய்தவர்கள் நால்வர், எழுதியவர்கள் மூவர். அரை நூற்றாண்டுக்கு மூவர் பெயரே வழங்கியது. 2008-ல் ‘ஃபிஸிக்ஸ் டுடே’யில் வந்த ஒரு கட்டுரைக்குப் பின்தான் நான்காவது பெயரும் பரவலாகச் சேரத் தொடங்கிற்று.

சென்ற வருஷம் ஓர் இளைஞரின் முதல் தொகுதியை இப்பக்கங்களில் நிராகரித்திருந்தேன். கவிதைகள் வளராமல் தொடங்கிய இடத்துக்கே திரும்புகின்றன என்பது என் குற்றச்சாட்டு. எதிர்பார்த்தது வரவில்லை, உடனே தவறு என்று எழுதிவிட்டேன். வங்கியில் அதை என் கணக்கில் எழுதுவார்கள். இங்கே அவர் கணக்கில் எழுதினேன். எங்கும் சரிபார்க்கவில்லை.

தொகுதியை மறுபடி எடுத்து வைத்திருக்கிறேன். பிழை கவிதையில் இருக்கலாம், என் வாசிப்பில் இருக்கலாம், அது பிழையாகவே இல்லாமலும் இருக்கலாம். முதல் இரண்டையும் கழித்துப் பார்க்கும் வேலை பாக்கி இருக்கிறது.