நாலு பேர், ஒரு புராஜெக்ட், செண்பகத்தோப்பு!

குரூப் புராஜெக்ட்னா என்னன்னு உங்களுக்குச் சொல்லியா தரணும்? நாலு பேர் டீம். ஒருத்தர் ராத்திரி பகலா உட்கார்ந்து வேலையை முடிப்பார். இன்னொருத்தர் ஸ்லைடுக்கெல்லாம் கலர் அடிப்பார். மூணாவது ஆள் பிரின்ட் எடுத்து, ஸ்பைரல் பைண்டிங் போட்டுட்டு வருவார். நாலாவது ஆள்... வைவா அன்னிக்குப் புதுச் சட்டை போட்டுட்டு வந்து நிப்பார்! ரிப்போர்ட்டில் மட்டும் நாலு பேரும் ‘சேர்ந்து’ உழைச்சதா இருக்கும்.

மத்த சப்ஜெக்ட்டில் இந்த டெக்னிக் ஓடிடும். யூஸர் எக்ஸ்பீரியன்ஸ் டிசைன், சுருக்கமா யு.எக்ஸ். படிக்கிறவங்களுக்கு மட்டும் ஓடாது. ஏன்னா, அதில் நிஜமா மார்க் போடப்போற ஆள் உங்க காலேஜிலேயே இல்லை. நீங்க டிசைன் பண்ற ஆப்பையோ, போர்டையோ, டிக்கெட் மெஷினையோ பயன்படுத்தப் போறாரே, முகம் தெரியாத ஒரு மனுஷர்... அவர்தான் எக்ஸாமினர். அவர் ஹாஸ்டல் ரூமுக்கு வர மாட்டார். நாமதான் தேடிப் போகணும்.

இந்த வாரம் லேப்டாப்பை மூடி வெச்சுட்டு, செண்பகத்தோப்புக்குக் கிளம்புவோமா?

பால்கோவா ஊரிலிருந்து எட்டு கிலோமீட்டர்

ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்குங்க. ஆண்டாள் கோயிலோட பதினோரு நிலை ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்து ஒரு கும்பிடு. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கின பால்கோவா கடைகள் ‘வா வா’ன்னு கூப்பிடும். கண்ட்ரோல்! அது திரும்பி வரும்போது. மேற்கே சுமார் எட்டு கிலோமீட்டர் போனா செண்பகத்தோப்பு. ராஜபாளையத்துக்காரங்களுக்கும் இது கூப்பிடு தூரம்தான். மாந்தோப்பும் தென்னந்தோப்பும் முடியற இடத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை சுவர் மாதிரி எழுந்து நிக்கும்.

சாம்பல் நிற அணில்களுக்காக 1988-ல் சரணாலயமா அறிவிக்கப்பட்ட காடு இது. 2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்துடுச்சு. தமிழ்நாட்டில் அஞ்சாவது, இந்தியாவில் 51-வது புலிகள் காப்பகம். ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேல பரப்பு. அதனால நினைச்ச நேரத்தில் நினைச்ச இடத்துக்குப் போயிட முடியாது. வனத்துறைகிட்ட கேட்டு, அனுமதி கிடைச்ச இடம் வரைக்கும்தான் போகணும். பிளாஸ்டிக் பை, பாட்டில் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும்.

உள்ளே என்ன இருக்கு? சுந்தரராஜப் பெருமாள் இருக்கிற காட்டழகர் கோயில், ராக்காச்சி அம்மன் கோயில், மீன்வெட்டிப்பாறை அருவி, பளியர் பழங்குடி மக்களோட குடியிருப்பு. சாமி கும்பிட, குளிக்க, பொங்கல் வைக்க, பிழைக்க... ஆளாளுக்கு ஒரு வேலையா இந்தப் பாதையில் வருவாங்க. யு.எக்ஸ். ஸ்டூடன்ட்டுக்கு இதைவிட நல்ல கிளாஸ் ரூம் கிடைக்குமா?

கதவு மேல தப்பா, நம்ம மேல தப்பா?

சரணாலயம் வந்த அதே 1988-ல்தான் அமெரிக்காவில் டான் நார்மன் என்கிற அறிவியலாளர், அன்றாடப் பொருட்களோட டிசைனைப் பத்தி ஒரு புத்தகம் எழுதினார். இழுக்கணுமா, தள்ளணுமான்னு தெரியாம ஒரு கதவு முன்னாடி முழிச்சிருக்கீங்களா? அது உங்க தப்பில்லை, கதவை டிசைன் பண்ணினவர் தப்புங்கிறதுதான் அவர் கட்சி. 1993-ல் ஆப்பிள் கம்பெனியில் சேர்ந்தப்போ, ‘யூஸர் எக்ஸ்பீரியன்ஸ்’ என்கிற பேரைத் தன் பதவியோடவே சேர்த்துக்கிட்டார். அந்தப் பேர் அப்படித்தான் உலகம் பூரா பரவுச்சு.

இப்போ உங்க புராஜெக்ட்: ‘செண்பகத்தோப்புக்கு வர்றவங்களுக்கு ஒரு ஆப்’. ஹாஸ்டலில் உட்கார்ந்தே நீங்க என்ன வரைவீங்கன்னு சொல்லட்டா? முதல் ஸ்கிரீனில் லாகின். அடுத்து அருவி போட்டோ. அப்புறம் மேப், ஸ்டார் ரேட்டிங், ‘நண்பர்களுக்குப் பகிர்’ பட்டன். கரெக்ட்டா? அழகாத்தான் இருக்கும். ஆனா, அது யாருக்கு?

ரெண்டு மணி நேரம் சும்மா நில்லுங்க

செக்போஸ்ட் பக்கத்தில் ஓரமா ஒரு மர நிழல். ஆளுக்கொரு நோட்டு. பேசவே வேண்டாம், முதலில் பாருங்க. வர்றவங்க யாரைப் பார்த்து வழி கேக்குறாங்க? போர்டைப் படிக்கிறாங்களா, படிக்காமத் தாண்டிப் போறாங்களா? கையில் போன் இருக்கா, இல்லை பொங்கப்பானை இருக்கா? ரெண்டு கையிலும் சாமான் வெச்சிருக்கிறவங்களால எந்த ஸ்கிரீனைத் தொட முடியும்?

அப்புறம் பேசுங்க. இங்கேதான் எல்லா டீமும் வழுக்கி விழும். “பாட்டி, ஒரு ஆப் செஞ்சு தந்தா யூஸ் பண்ணுவீங்களா?”ன்னு கேட்டா, பாவம், புள்ளைங்க மனசு நோகக் கூடாதேன்னு “ஆங், பண்ணுவேன் சாமி”ன்னுதான் சொல்வாங்க. அதை நம்பி ரிப்போர்ட்டில் ‘நூறு சதவிகித ஆதரவு’ன்னு எழுதிடாதீங்க! “போன தடவை எப்ப வந்தீங்க பாட்டி? யார்கூட வந்தீங்க? எந்த இடத்தில் சிரமமா இருந்துச்சு?”ன்னு கேளுங்க. வரப்போறதைப் பத்திக் கேட்டா மரியாதைக்குப் பதில் வரும். நடந்ததைக் கேட்டா நிஜம் வரும்.

அந்த நிஜத்தில் உங்க அருவி போட்டோ அடிபட்டுப் போகலாம். இது மலையடிவாரம். மேலே மழை கொட்டினா, கீழே வெயில் அடிச்சுக்கிட்டு இருக்கும்போதே ஓடையில் தண்ணி புரண்டு வந்துடும். 2015 மே மாசம், இதே மலைத்தொடரில் இருக்கிற சதுரகிரியில் அப்படி வந்த திடீர் வெள்ளத்தில் பக்தர்கள் உயிரிழந்தாங்க. அப்போ இங்கே வர்றவங்களுக்கு முதல் கேள்வி ‘அருவி எப்படி இருக்கும்?’ கிடையாது. ‘இன்னிக்கு ஓடையைத் தாண்டலாமா?’ என்பதுதான். முதல் ஸ்கிரீனில் அது இருக்கணும்.

இன்னும் யோசிங்க. சிக்னல் இல்லைன்னா? எழுதப் படிக்கத் தெரியாதவங்க வந்தா? விடை ஆப்பாவே இல்லாம, செக்போஸ்ட்டில் பறக்கிற ஒரு சிவப்புக் கொடியாக்கூட இருக்கலாம். ‘ஆப் செய்யச் சொன்னாங்க, கொடியில் வந்து நிக்குதே’ன்னு பயப்படாதீங்க. அந்த முடிவுக்கு எப்படி வந்தீங்கன்னு சொல்ல முடிஞ்சா, அதுதான் யு.எக்ஸ்.

வாயில்லாத யூஸர்

பேட்டி எடுக்க முடியாத ஒருத்தரும் இங்கே குடியிருக்கார். மேலே பாருங்க, சாம்பல் நிற அணில்! நம்ம வீட்டு அணில் மாதிரி கைக்குள் அடங்காது. வாலோட சேர்த்து ரெண்டடிக்கு மேல நீளம். தமிழ்நாடு, கேரளா, கர்நாடகாவில் சில காடுகளை விட்டா இலங்கையில்தான் பார்க்க முடியும். பக்கத்துப் பக்கத்து மரங்களோட கிளைகள் தொட்டுக்கிற இடமாப் பார்த்துத்தான் கூடு கட்டும். ஆபத்துன்னா எந்தப் பக்கமும் தாவி ஓடலாமே! அது பெரும்பாலும் தரையில் இறங்காது. நடுவில் ரெண்டு மரம் போனாலும் அதுக்குப் பாதை அறுந்துடும்.

இப்போ உங்க ஆப்பில் இருக்கிற ‘கூடு இருக்கும் இடத்தைப் பகிர்’ பட்டனைப் பாருங்க. அது ஹிட் ஆச்சுன்னா ஞாயித்துக்கிழமை அந்த மரத்தடியில் எத்தனை பைக் நிக்கும்? யூஸருக்கு ஜாலி, அணிலுக்கு? ஒரு வசதியைச் சேர்க்கிறது மாதிரியே, வேணாம்னு எடுக்கிறதும் டிசைன்தான். யார் எடுக்கச் சொல்றதுன்னுதான் டீமில் சண்டை வரும். வரட்டும்!

சண்டைக்கு ஒரு மருந்து

சண்டை பத்தி இந்த மலைக்காரங்ககிட்டயே ஒரு சங்கதி இருக்கு. பளியர் மக்கள்கூட 1960-களில் தங்கி ஆய்வு செஞ்ச அமெரிக்க மானுடவியலாளர் பீட்டர் கார்ட்னர், 1966-ல் அதைக் கட்டுரையா எழுதினார். அவர் பார்த்து வியந்தது, அவங்களோட ‘சம மரியாதை’. பெரியவரோ சின்னப் பிள்ளையோ, யாரும் யாரையும் மட்டம் தட்டக் கூடாது, யாரும் யாருக்கும் ஆர்டர் போடக் கூடாது. போட்டியையே ஒதுக்குவாங்க. ரெண்டு பேருக்கு உரசல்னா, பேச்சில் கெட்டிக்காரர் ஒருத்தர் தமாஷா பேசித் தணிப்பார். தணியலையா? கொஞ்ச நாள் விலகிப் போயிடுவாங்க. சேர்ந்து செய்யற வேலையைக்கூட அவங்க அதிகம் வெச்சுக்கறதில்லைன்னும் கார்ட்னர் எழுதியிருக்கார்.

அவர் பார்த்தது அறுபது வருஷத்துக்கு முந்தைய வாழ்க்கை. இன்னிக்கு அந்தக் குடியிருப்பில் இருக்கிறவங்களும் நம்மளை மாதிரி இந்தக் காலத்து மனுஷங்கதான். அவங்களைக் காட்சிப் பொருளாப் பார்க்கப் போகாதீங்க. அனுமதி கேக்காம போட்டோ எடுக்காதீங்க. பேசினா, எழுதினதை அவங்களுக்கே திருப்பிப் படிச்சுக் காட்டுங்க. இந்தக் காட்டுப் பாதையை அவங்களைவிட அதிகமா நடந்த யூஸர் யாரு?

சரி, சேர்ந்து வேலை செய்யாதவங்ககிட்ட குரூப் புராஜெக்ட்டுக்கு என்ன பாடம்? இருக்கு. எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்து ‘ஐடியா சொல்லுங்க’ன்னா, சத்தமாப் பேசறவர் ஐடியாதான் ஜெயிக்கும். அதுக்குப் பதிலா முதல் பத்து நிமிஷம் நாலு பேரும் நாலு பக்கம் திரும்பி உட்காருங்க. வாயே திறக்காம, அவங்கவங்க ஐடியாவை வரைங்க. அப்புறம் நாலு தாளையும் பேர் எழுதாம தரையில் பரப்புங்க. எது யாரோடதுன்னு தெரியாததால, கிண்டலும் இல்லை, ஈகோவும் இல்லை. எதை எடுக்கிறதுன்னு தீர்மானிக்க லீடர் வேண்டாம். பாதையில் வர்றவங்க தீர்மானிக்கட்டும்.

தாளே போன்!

எப்படி? லேப்டாப் தேவையில்லை. நோட்டுத் தாளைப் போன் சைஸுக்குக் கிழிச்சு, ஸ்கெட்ச் பேனாவில் ஒரு தாளுக்கு ஒரு ஸ்கிரீன் வரைங்க. பாதையில் வர்றவர்கிட்ட, “அண்ணாச்சி, இதுதான் போன்னு நினைச்சுக்கோங்க. ஓடையில் தண்ணி எப்படின்னு தெரிஞ்சுக்கணும், எங்கே தொடுவீங்க?”ன்னு கேளுங்க. அவர் விரல் வெச்ச இடத்துக்கு ஏத்த அடுத்த தாளை எடுத்து வைங்க.

இங்கேதான் நாலு பேருக்கும் நிஜமா வேலை வருது. ஒருத்தர் கேள்வி கேக்கணும். ஒருத்தர் கம்ப்யூட்டர் மாதிரி வாயைத் திறக்காம தாளை மாத்தணும். ஒருத்தர் எழுதணும். நாலாவது ஆள் (அதே புதுச் சட்டை பார்ட்டிதான்!) அவர் முகத்தையும் விரலையும் மட்டும் கவனிக்கணும். எங்கே தயங்குறார், எங்கே புருவம் சுருங்குது? அடுத்த ஆள் வரும்போது வேலையை மாத்திக்கோங்க. இதில் ஒருத்தர் டிமிக்கி கொடுத்தாலும் டெஸ்ட் படுத்துடும்.

எத்தனை பேர்கிட்ட காட்டணும்? அஞ்சு பேர் போதும்னு யாக்கோப் நீல்சன் 2000-ல் எழுதினார். பெரும்பாலான தப்பு அஞ்சு பேரிலேயே தெரிஞ்சுடும், திருத்திட்டு இன்னொரு அஞ்சு பேர்கிட்ட போங்கங்கிறது அவர் கணக்கு. அஞ்சு பேரும் தடுமாறினா வாயைத் திறந்து விளக்கம் சொல்லணும்னு துடிக்கும். சொல்லிடாதீங்க. நாளைக்கு அந்த போர்டு பக்கத்தில் நீங்க நிக்கப்போறதில்லையே!

இருட்டறதுக்குள்ள கீழே இறங்கிடுங்க. இப்போ பால்கோவா வாங்கலாம், தடையில்லை. இலையில் வெச்சு நாலு பேரும் பங்கு போட்டுக்கும்போது, கசங்கின தாள்களை எடுத்துப் பாருங்க. காலையில் வரைஞ்ச அந்த அழகான லாகின் ஸ்கிரீன் அதில் இருக்காது. பாட்டி தப்பாத் தொட்ட தாள், அண்ணாச்சி தலைகீழாப் பிடிச்ச தாள், மண் ஒட்டின தாள்... இதெல்லாம்தான் இருக்கும். தூக்கிப் போட்டுடாதீங்க. ரிப்போர்ட்டில் அப்படியே ஒட்டுங்க.

வைவாவில் கேள்வி வரும்: “இதில் உன் பங்கு என்னப்பா?” அந்த நாலாவது ஆள்தான் முதலில் பதில் சொல்வார், பாருங்களேன். “சார், அந்தப் பாட்டி எந்த இடத்தில் தயங்கினாங்கன்னு நான்தான் பார்த்தேன்!”