வேலி யாருடையது?

"அக்கா, அது உங்க வேலிதானுங்களே!" என்று நான் சொல்ல, "அதெப்படிங்க கண்ணு, உங்க மாமனார் நட்ட வேலியாச்சே!" என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்ல, இப்படியே இரண்டு வருடம் ஓடிவிட்டது.

எங்கள் காங்கேயம் பக்கத்தில் வேலி என்றால் கிளுவைதான். கொறங்காடுகளைச் சுற்றி அதைத்தான் பார்க்கலாம். போத்தை வெட்டி நட்டால் துளிர்த்துக்கொள்ளும். ஆனால் பட்டுப்போன இடத்தில் மறுபடி நடாமல் விட்டால் பொத்தல் விழும். எங்கள் இரு வீட்டுக்கும் நடுவே இருந்த வேலியும் அப்படித்தான் ஆயிற்று. ஆடு புகுந்து என் கீரைப் பாத்தியை மேய்ந்தது. அக்காவின் வெண்டைச் செடியையும் விடவில்லை. சரி செய்யப் பெரிய செலவு ஒன்றுமில்லை. 'நாம் ஏன் முதலில் செய்ய வேண்டும்' என்கிற வீம்புதான்!

கடைசியில் பொறுக்க முடியாமல் அக்கா அந்தப் பொத்தலில் திருகுகள்ளியை நட்டுவிட்டார். ஒருநாள் பந்தை எடுக்கப் போன என் சின்ன மகன், அப்போது ஏழு வயது, அதன் கிளையை ஒடித்துவிட்டான். பால் கண்ணில் தெறித்து, "அம்மா" என்று அலறினான் பாருங்கள், எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"தாய்ப்பால் விடுங்க" என்றார் ஒருவர். "விளக்கெண்ணெய் விடுங்க" என்றார் இன்னொருவர். ஓடி வந்த அக்கா எதையும் காதில் வாங்கவில்லை. பையனைக் குழாயடிக்குத் தூக்கிப் போய், இமையைப் பிரித்துப் பிடித்து, கால் மணி நேரத்துக்கு மேல் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தார். அப்புறம்தான் கண் டாக்டரிடம் போனோம். "உடனே தண்ணீர் விட்டுக் கழுவினீர்களே, அதுதான் நல்லதாகப் போயிற்று. வேறு எதையும் கண்ணில் விடக்கூடாது" என்றார் டாக்டர். ஒரு வாரம் சொட்டு மருந்து விட்டோம். பார்வைக்குக் குறைவில்லை.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கள்ளியை நட்டது அக்கா. பிள்ளையின் கண்ணைக் காப்பாற்றியதும் அக்கா. பொத்தலை அடைக்காமல் விட்டது நானும்தானே! யாரைத் திட்டுவது?

மறுநாள் கிரயப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தோம். செக்குபந்தியில் 'இன்னார் வீட்டுக்கு மேற்கு' என்றுதான் இருந்தது. வேலியைப் பற்றிப் பேச்சே இல்லை. ஒருவர் மட்டும் சர்வேயரைக் கூப்பிட்டால் மற்றவருக்குச் சந்தேகம் வரும் என்று இரண்டு வீட்டாரும் சேர்ந்தே தாலுகா ஆபீஸில் பணம் கட்டினோம். சர்வேயர் புலப்படத்தை வைத்து அளந்து, மண்ணில் புதைந்திருந்த கல்லைக் கண்டுபிடித்துக் காட்டினார்.

கல் எங்கள் வாசலுக்குள் ஒன்றே கால் அடி தள்ளி இருந்தது! அதாவது வேலி நின்றது அக்காவின் இடத்தில். வேலியை ஒட்டி நான் வைத்த கறிவேப்பிலை மரமும் அவர் இடத்தில்தான்.

என்னவர் முகம் வாடிவிட்டது. எனக்கோ வெட்கம். "அக்கா, உங்க இடம் இத்தனை வருஷமா எங்ககிட்ட இருந்திருக்குதுங்க. மனசுல வச்சுக்காதீங்க" என்றேன்.

அக்கா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "எடத்தை விட்டாப் போதுங்க கண்ணு. மரத்தை மட்டும் வெட்டிப்போடாதீங்க" என்றார்.

கையில் உறை மாட்டி, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக் கள்ளியைப் பிடுங்கினோம். ஐப்பசி மழைக்குக் கல்லுக்குக் கல் கயிறு கட்டிக் கிளுவை நட்டோம். செலவு பாதிப் பாதி. அவரவர் பக்கத்தை அவரவர் கழிப்பது. பட்டுப்போன இடத்தில் இருவருமாகப் போத்து நடுவது. பால் வடியும் செடியும் அரளியும் வைப்பதில்லை. இதை இரண்டு தாளில் எழுதி, இரு வீட்டாரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கொன்று வைத்துக்கொண்டோம்.

சகோதரிகளே, வேலி யாருடையது என்று வாயால் வாதாடுவதைவிட, கல் எங்கே இருக்கிறது என்று சேர்ந்து தேடுவது மேல். ஆனால் அளப்பதற்கு முன்பே, கணக்கு நமக்கு எதிராக வந்தாலும் ஒத்துக்கொள்ள மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்!

இப்போதெல்லாம் தாளிக்கக் கறிவேப்பிலை வேண்டுமென்றால் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, "அக்கா" என்று நான்தான் கூப்பிட வேண்டியிருக்கிறது.