ஹிமாலயன் வாங்குமுன் தங்கச்சிக்கு

மேடவாக்கம், சென்னை.

அன்புள்ள தங்கச்சிக்கு,

அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை என்று நீ சொன்ன பிறகுதான் எனக்கு நிம்மதி.

வண்டி விஷயத்தைப் போனில் பேசினால் பாதி பேசுவதற்குள் யாராவது குறுக்கே வந்துவிடுகிறார்கள். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். மாப்பிள்ளை ஆக்டிவாவே போதும் என்கிறார். உனக்கு ஹிமாலயன் பைக் மேல் ஆசை. ஆபீசில் யாரோ எக்ஸ்பல்ஸ் வாங்கச் சொல்லியிருக்கிறார்கள். வருஷக்கணக்காக அதே ஹிமாலயனில் தினமும் வேலைக்குப் போய் வருகிற அண்ணன் நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்டிருக்கிறாய்.

வாங்கு பாப்பா. ஆனால் ஓட்டிப் பார்த்து முடிவு பண்ணாதே. ஓட்டிப் பார்க்கிற எல்லோருக்கும் இந்த வண்டி பிடித்துவிடும். ஆசையாக வாங்கி ஒரு வருஷத்துக்குள் விற்றவர்களை எனக்குத் தெரியும். ஓட்டத்தைக் குறை சொல்லி விற்றவர் அவர்களில் ஒருவர்கூட இல்லை. கேட்டுக்குள் ஏற்ற முடியவில்லை, ஸ்டாண்டில் இடம் கொடுக்கவில்லை, சந்துக்குள் திருப்ப முடியவில்லை என்றுதான் விற்றார்கள். தினசரி வண்டியாக இது உனக்கு ஒத்துவருமா என்பது அது நிற்கும்போதும் நீ அதைத் தள்ளும்போதும்தான் தெரியும்.

நீ பார்த்து வைத்திருப்பது பழைய 411 சி.சி. ஹிமாலயன். 2016இல் வந்த வண்டி. 2023 கடைசியில் 450 வந்ததோடு இதன் காலம் முடிந்தது, இனி செகண்ட் ஹேண்டில்தான் கிடைக்கும். பி.எஸ்.6 மாடல் பெட்ரோலோடு சேர்த்து 199 கிலோ. உன் ஆக்டிவா 106 கிலோதான். ஓடும்போது இந்த எடை உனக்குத் தெரியவே தெரியாது. நடக்கிற வேகத்துக்கு இறங்கியதும் மொத்தமும் உன் கைக்கும் காலுக்கும் வந்து சேரும். சீட் உயரம் 800 மி.மீ. உன் உயரத்துக்கு இரண்டு பாதமும் முழுசாகப் பதியாது, முன்பாதம் பதியும். அது போதும். ஒரு காலை மட்டும் நன்றாக ஊன்றி, மற்ற காலைப் பிரேக்கில் வைத்திருக்கப் பழகிக்கொண்டால் சிக்னலில் பயமில்லை.

பயப்பட வேண்டிய இடம் ரோட்டின் விளிம்பு. தார் மேல் தார் போட்டு நம்ம ஊர் ரோடெல்லாம் ஓரத்தில் அரை அடி பள்ளம் விழுந்து கிடக்கிறது. பஸ்ஸுக்கு வழிவிட ஒதுங்கி நிற்கும்போது இடது காலை அந்தப் பள்ளத்துப் பக்கம் நீட்டினால் தரை தட்டாது. வண்டி ஒரு தடவை சாய ஆரம்பித்துவிட்டால் 199 கிலோவை யாராலும் நிறுத்த முடியாது, என்னாலும் முடியாது. எங்கே கால் ஊன்றப் போகிறோம் என்பதை நிற்பதற்கு முன்னாடியே கண் பார்த்து வைத்திருக்க வேண்டும். ஸ்கூட்டரில் இந்தப் பழக்கம் நமக்கு வருவதே இல்லை.

எக்ஸ்பல்ஸ் 200 மோசமான வண்டி இல்லை. எடை 160 கிலோவுக்குள். ஆனால் சீட் 825 மி.மீ., ஹிமாலயனைவிட ஒரு அங்குலம் உயரம். அந்த ஒரு அங்குலத்தில் உன் முன்பாதம் விரல்நுனியாகிவிடும். ஒல்லியான வண்டி, விழுந்தாலும் தூக்கிவிடலாம் என்பது அதன் பலம். வாரத்தில் இரண்டு நாள் மானாமதுரையிலிருந்து மதுரைக்கு நாலுவழிச் சாலையில் போய் வருகிற உனக்கு ஹிமாலயன்தான் பொருந்தும் என்பது என் கணக்கு. இரண்டிலும் ஏறி உட்கார்ந்து பார். கால் சொல்வதைக் கேள்.

நிறுத்துவதில் நான் கடைப்பிடிப்பதைச் சொல்கிறேன். எங்கே நிறுத்தினாலும் வண்டியின் முகம் வெளியே பார்த்திருக்கட்டும். சரிவில் முகத்தை இறக்கம் பார்த்து விட்டுவிட்டால் திரும்பப் பின்னுக்கு ஏற்றுவதற்கு ஆள் கூப்பிட வேண்டிவரும். முகத்தை ஏற்றம் பார்த்து, முதல் கியரில் போட்டு, சைடு ஸ்டாண்டில் விடு. மணலிலோ ஈர மண்ணிலோ நிறுத்தினால் ஸ்டாண்டுக்கு அடியில் தட்டைக் கல் ஒன்று வை. ஸ்டேஷன் பார்க்கிங்கில் நெருக்கி அடுக்குவதற்காக வண்டிகளை ஆட்கள் தூக்கி நகர்த்துவார்கள். இதைத் தொட மாட்டார்கள், நமக்கும் ஹேண்டில் லாக்கைத் திறந்து வைத்துவிட்டுப் போக மனசு வராது. ஓரக் கடைசியில் இடம் கேட்டு வாங்கிக்கொள்வதுதான் வழி.

விழுந்தால் தூக்குவது எப்படி என்பதையும் வாங்கிய வாரமே பழகிக்கொள். முதலில் சாவியை அணை. கியரில் இல்லாவிட்டால் முதல் கியரில் போடு, உருளாது. வலப்பக்கம் விழுந்திருந்தால் முன்கூட்டியே சைடு ஸ்டாண்டைப் போட்டுவிடு, நிமிர்ந்ததும் அந்தப் பக்கம் போய் விழாமல் தாங்கிக்கொள்ளும். பிறகு வண்டிக்கு முதுகைக் காட்டி, இடுப்பைச் சீட்டில் முட்டுக்கொடுத்து, ஒரு கையால் தரைப்பக்கம் இருக்கிற ஹேண்டிலையும் மறு கையால் பின்கம்பியையும் பிடி. கையால் இழுக்காதே. முழங்காலை மடக்கி, தொடை பலத்தில் சின்னச் சின்ன அடியாகப் பின்னால் நட. உன்னைவிட ஒல்லியான ஒரு பெண் இப்படித் தூக்கியதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். மாப்பிள்ளையைக் கூட வைத்துக்கொண்டு, பழைய மெத்தையை விரித்து ஒரு தடவை செய்து பார்.

இவ்வளவு சிரமத்துக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்பாய். எனக்குக் கிடைத்தது நல்ல முதுகு. மெட்ரோ வேலைக்காக ஆற்காடு ரோட்டையும் ஓ.எம்.ஆரையும் தோண்டிப் போட்டிருந்த காலத்தில், சின்னச் சக்கர வண்டியில் வந்தவர்கள் ஒவ்வொரு பள்ளத்துக்கும் பிரேக் போட்டு நெளிந்து போவார்கள். இதில் முன்சக்கரம் 21 அங்குலம், முன் ஷாக் 200 மி.மீ. வரைக்கும் இறங்கி ஏறும், தரைக்கும் அடிவயிற்றுக்கும் நடுவே 220 மி.மீ. இடைவெளி. பள்ளம் வருகிறதென்றால் ஃபுட்ரெஸ்டில் லேசாக எழுந்து, முழங்காலைத் தளர்த்தி நின்றுகொள்கிறேன். வண்டி கீழே என்ன வேண்டுமானாலும் பண்ணிக்கொண்டு போகட்டும், இடுப்புக்கு மேலே ஒன்றும் வந்து சேராது. பழைய வண்டியில் சாயங்காலம் வீடு வந்ததும் முதுகைப் பிடித்துக்கொண்டு படுப்பேன், அது இப்போது இல்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே முன்னால் போகிற காரின் கூரைக்கு மேலே பார்க்கலாம், நாலு வண்டி தள்ளி யார் பிரேக் அடிக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். டிராபிக்கில் இதைவிடப் பெரிய பாதுகாப்பு வேறு இல்லை என்பேன்.

இன்ஜின் அவசரக்காரன் இல்லை. 24 குதிரைத்திறன் சொச்சம்தான், இந்தச் சி.சி.க்கு அது கம்மி. ஆனால் 32 நியூட்டன் மீட்டர் இழுவை 4,000 சுற்றை ஒட்டியே வந்துவிடுகிறது. இரண்டாவது கியரில் மாட்டுவண்டிக்குப் பின்னால் உருண்டு போனாலும் திணறாது, சும்மா சும்மா கிளட்ச் பிடிக்க வேண்டாம். மாட்டு டாக்டரான உன் வேலைக்கு இதுதான் வேண்டும். கோமாரி தடுப்பூசி முகாமுக்கு மாடு மேய்ச்சலுக்குப் போவதற்குள் போய்ச் சேரணும், ஐஸ் பெட்டியில் மருந்து குலுங்கக்கூடாது, கண்மாய்க் கரையில் வண்டி முக்கக்கூடாது. பின்னால் தட்டையான கேரியர் கம்பெனியே கொடுத்தது. பெட்டியை அதில் வைத்து இரண்டு பட்டையால் குறுக்கே இறுக்கினால் அசையாது. நாலுவழிச் சாலையில் 80, 90இல் நிம்மதியாகப் போகும். நூறைத் தாண்டி விரட்டினால் கையில் அதிர்வு ஏறும், விரட்டாதே.

ஈரத்தில் மட்டும் கவனம். மண்ணுக்கும் தாருக்கும் பொதுவாகச் செய்த டயர் என்பதற்காக எல்லா இடத்திலும் பிடிக்கும் என்று நம்பாதே. இங்கே மெட்ரோ பள்ளத்தின் மேல் போட்டிருக்கும் இரும்புத் தகட்டில் மழைநாளில் பிரேக் தொட்டால் வழுக்கும். அங்கே ஈரக் கரம்பையில் எந்த டயரும் நிற்காது, மேல்மண் காய்கிறவரை சுற்றிப் போ. தேங்கிய தண்ணீரில் ஆழம் தெரியாமல் இறங்காதே, சக்கரத்தின் அச்சுக்கு மேல் தண்ணீர் என்றால் திரும்பிவிடு. 2023 மிக்ஜாம் வெள்ளத்தில் எங்கள் பக்கம் எத்தனையோ பெரிய வண்டிகள் தண்ணீர் குடித்து நின்றன. ஏ.பி.எஸ்.ஸைப் பின்சக்கரத்துக்கு மட்டும் அணைக்க ஒரு பட்டன் உண்டு. தார் ரோட்டில் அதைத் தொடவே தொடாதே.

உனக்கு நிஜமான எதிரி சீமைக் கருவேல முள்தான். நீ சுற்றுகிற இளையான்குடிப் பக்கம் அது இல்லாத தடம் ஏது? ஸ்போக் சக்கரம், உள்ளே டியூப். டியூப்லெஸ் டயரில் திரி சொருகுகிற மாதிரி இதில் ஐந்து நிமிஷத்தில் முடியாது. சக்கரத்தைக் கழற்றி, டயரைப் பிரித்து, டியூபை எடுத்து ஒட்ட வேண்டும். சென்டர் ஸ்டாண்ட் இருப்பதால் பின்சக்கரம் கழற்றுவது கஷ்டமில்லை. கருவேல முள் டயருக்குள் ஒடிந்து நுனி மட்டும் நிற்கும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அதை எடுக்காமல் புது டியூபைப் போட்டால் ஒரு மைல் போவதற்குள் அதையும் குத்திவிடும். விரலை விட்டுத் தடவாதே, கிழித்துவிடும். ஒரு பஞ்சுத்துணியைச் சுருட்டி டயரின் உள்சுவர் முழுக்க இழுத்துக்கொண்டு வா. துணி எங்கே சிக்குகிறதோ அங்கே முள் இருக்கும், குறடால் பிடுங்கு. 21 அங்குல டியூப் கிராமத்துப் பஞ்சர் கடையில் கிடைக்காது. முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று எப்போதும் வண்டியிலேயே இருக்கட்டும்.

அம்மா விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அம்மாவை உட்கார வைக்க இது சரியான வண்டி இல்லை. பின்சீட் உயரம், சேலை கட்டி ஒருக்களித்து உட்கார ஒரு படியோ திண்ணையோ பக்கத்தில் வேண்டும். சைலன்சர் வலப்பக்கம் தூக்கி வைத்தது, அந்தப் பக்கம் தெரியாமல் கால் பட்டால் சுடும். பக்கவாட்டுப் பெட்டிகளை மாட்டிவிட்டால் ஏறவே முடியாது, சந்தில் அகலமும் கூடிப்போகும். ஊர்சுற்றப் போகும்போது மட்டும் மாட்டு. அரிசி மூட்டையைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு வருகிற சௌகரியமும் இதில் கிடையாது. ஆகவே ஆக்டிவாவை விற்காதே. இந்த ஒரு விஷயத்தில் மாப்பிள்ளை சொல்வதில் நியாயம் இருக்கிறது.

செலவு: மைலேஜ் 30ஐ ஒட்டிக் கிடைக்கும், டேங்க் 15 லிட்டர். ஸ்கூட்டரில் இல்லாத ஒரு வேலை செயின். 500 கி.மீ.க்கு ஒருமுறை துடைத்து எண்ணெய் போடு, உன் மண்ரோட்டுக்கு அதற்கும் முன்பாகவே. ஒரகடம், வல்லம் வடகால் பக்கத்தில் வண்டி தயாரிக்கிற கம்பெனி என்பதால் பாகம் கிடைப்பதில் திண்டாட்டம் இல்லை.

பார்க்கப் போகும்போது 2020க்குப் பிந்தைய பி.எஸ்.6 வண்டியாகப் பார். 2016 வண்டி கார்புரேட்டர், அது உனக்கு வேண்டாம். போனதும் இன்ஜினைத் தொடு, சூடாக இருந்தால் நீ வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். ஆறவிட்டுப் பிறகு ஸ்டார்ட் பண்ணச் சொல். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, முன்சக்கரத்தைத் தூக்கிவிட்டு ஹேண்டிலை மெதுவாக இரண்டு பக்கமும் திருப்பு, நடுவில் ‘டொக்’கென்று ஒரு இடத்தில் நின்றால் கோன் செட் போய்விட்டது. முன் ஷாக் குழாயில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா, ஒவ்வொரு ஸ்போக்கையும் ஸ்க்ரூடிரைவரால் தட்டினால் ஒரே மாதிரி சத்தம் வருகிறதா, இன்ஜினுக்கு அடித்தகடு நசுங்கியிருக்கிறதா என்று பார். ஆர்.சி.யில் வங்கி பெயர் இருந்தால் தடையில்லாச் சான்று இல்லாமல் பணம் கைமாறக் கூடாது. நிலுவை அபராதத்தை எம்பரிவாகன் செயலியில் பார்த்துக்கொள்ளலாம்.

எல்லாம் சரியாக இருந்தால், அவர்கள் வீட்டு வாசலிலேயே நீ தனியாக அதைப் பின்னுக்குத் தள்ளித் திருப்பிப் பார். மாப்பிள்ளை கை கொடுக்கக் கூடாது. உன்னால் முடிந்தால் பேரம் பேசு.

மாட்டு டாக்டரம்மா பெரிய வண்டியில் வருகிறாள் என்று ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். அதை யோசித்து மட்டும் பின்வாங்காதே. ராத்திரி கன்று போட முடியாமல் மாடு தவிக்கிற வீட்டுக்கு மழைத்தடத்தில் நீ போய்ச் சேருவதுதான் முக்கியம்.

ஆர்.சி. போட்டோவை முதலில் எனக்கு அனுப்பு. அடுத்த மாதம் ஊருக்கு வருகிறேன், சக்கரத்தைக் கழற்றி முள் எடுப்பதை உன் கையாலேயே செய்ய வைக்கிறேன். அதற்குள் இரண்டு டியூபையும் வாங்கி வைத்திரு.

அன்புடன்,
அண்ணன்