உழைச்செல்வான்

திருக்குறளில் 'மருந்து' அதிகாரத்தின் கடைசிக் குறள், 950ஆவது, மருத்துவத்தை நான்கு உறுப்புகளாகப் பகுக்கிறது. நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, நான்காவதாக 'உழைச்செல்வான்'. உழை என்றால் பக்கம். நோயாளியின் பக்கத்திலேயே இருந்து செய்ய வேண்டியதைச் செய்பவன் என்று பொருள். பரிமேலழகர் இந்த நான்கையும் தனித்தனியே நான்காக விரிப்பார். உழைச்செல்வானுக்கு அவர் வகுக்கும் தகுதிகள் இவை: நோயாளியிடம் அன்பு; மனம், மொழி, மெய் மூன்றிலும் தூய்மை; சொன்னதைச் சொன்னபடி செய்யும் வன்மை; அறிவு.

சங்கரன்கோவில் பகுதியில் தமிழ் கற்பிப்பவன் என்ற முறையில் இவ்வுரையைப் பல ஆண்டுகளாக வகுப்பில் விளக்கி வருகிறேன். அண்மைக் காலமாக இதிலிருந்து ஒரு கேள்வி என்னை விடாமல் தொடர்கிறது. மூன்றாம் தகுதியும் நான்காம் தகுதியும் ஒன்றோடொன்று மோதினால் என்ன செய்வது? சொன்னபடி செய்வது ஒரு பண்பு. சொல்லப்பட்டது சரிதானா என்று பார்ப்பது அறிவின் இயல்பு. இரண்டையும் ஒரே ஆளிடம் எதிர்பார்க்கிறது உரை. அவை மோதும் கணத்தைப் பற்றி அது பேசவில்லை.

அந்தக் கணத்தை எனக்கு விளக்கியவள் எங்கள் தெருவில் வளர்ந்த பெண். தந்தை விசைத்தறி ஓட்டியவர். செவிலியர் பட்டம் பெற்று, அதன்பின் அறுவை அரங்கச் செவிலியத்துக்கென்றே உள்ள ஓராண்டுப் பட்டயப் படிப்பையும் முடித்தவள். வெளியூர் மருத்துவமனை ஒன்றில் தியேட்டர் இன்சார்ஜாக இருக்கிறாள். விடுமுறைக்கு வந்திருந்தபோது, அவளுடைய வேலை என்ன என்று விரிவாகக் கேட்டேன். கத்தரிக்கோலை எடுத்துக் கொடுப்பது என்பதற்கு மேல் நம்மில் பலருக்கும் அதைப் பற்றித் தெரியாது.

அவள் சொன்னதைத் தொகுத்தால் ஒரு சிறு அரசாங்கமே தெரிகிறது. மறுநாள் அறுவைகளின் வரிசையை முதல் நாளே வாங்கி, எந்த மேசையில் எது, யார் உடன் நிற்பது என்று பிரிக்க வேண்டும். கருவித் தொகுப்புகள் ஆட்டோகிளேவில் வெந்து வந்தனவா என்பதைப் பொட்டலத்தின் மேல் ஒட்டிய நாடாவில் கோடுகள் கறுத்திருப்பதைக் கொண்டு பார்க்க வேண்டும். உறிஞ்சு கருவி, ஆக்சிஜன், விளக்கு எல்லாவற்றையும் காலையில் ஒருமுறை இயக்கிப் பார்க்க வேண்டும். உள்ளே வரும் நோயாளி பட்டியலில் உள்ளவர்தானா, அறுக்க வேண்டியது வலப்பக்கமா இடப்பக்கமா என்று அவர் வாயாலேயே கேட்டு உறுதிசெய்ய வேண்டும். வெட்டியெடுத்த சதைத் துணுக்கு சோதனைக்குப் போகும்போது பெயர் மாறாமல் இருக்க வேண்டும். மேசையருகே கைகழுவிக் கையுறையணிந்து நிற்கும் ஸ்கிரப் நர்ஸ் ஒருவர். வேண்டியதைக் கொண்டுவந்து, நடப்பதைக் குறித்துக்கொள்ளும் சர்குலேட்டிங் நர்ஸ் இன்னொருவர். இவ்விருவரும் சேர்ந்து செய்யும் முக்கியமான வேலை எண்ணுவது.

வயிற்று அறுவையில் இரத்தத்தை ஒற்றவும் குடலை ஒதுக்கிவைக்கவும் மடித்த துணிகளைப் பயன்படுத்துகிறார்கள். 'மாப்' என்பது அரங்கத்தின் வழக்கு. இரத்தம் தோய்ந்தபின் சதைக்கும் துணிக்கும் வேற்றுமை தெரியாது. ஆகவே தொடங்குமுன் இருவரும் வாய்விட்டு எண்ணிப் பலகையில் எழுதுகிறார்கள். வயிற்றை மூடுமுன் மறுபடி எண்ணுகிறார்கள். தோலைத் தைக்கும்போது இன்னொரு முறை. ஊசிகளுக்கும் கருவிகளுக்கும் இதே முறைதான்.

"ஒருநாள் மூடப் போற நேரத்துல ஒரு மாப் குறையுது சித்தப்பா. பெரிய டாக்டர். எனக்கு அப்ப வேலைக்குச் சேர்ந்து ரெண்டு வருசம்தான். 'கணக்கு சரியில்ல டாக்டர்'னேன். 'நான் நல்லாப் பாத்துட்டேன், உள்ள ஒண்ணுமில்ல, தையல் குடு'ன்னாரு. எனக்குக் கை நடுங்குது. 'இன்னொரு தடவ எண்ணிக்கிடுதேன் டாக்டர், அதுக்கப்புறம் தாறேன்'னு சொன்னேன். யாரும் பேசல."

மீண்டும் எண்ணினார்கள். வாளியில் கிடந்தவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்தபோது, இரண்டு துணிகள் ஒன்றாய் ஒட்டிக் கிடந்தன. வயிற்றுக்குள் எதுவும் இல்லை. மருத்துவர் சொன்னதுதான் சரி. "அப்போ நீ நிறுத்தியது வீண்தானே?" என்று வேண்டுமென்றே கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. "இழை அறுந்த மாதிரி தெரிஞ்சா அப்பா தறிய நிறுத்திட்டுத்தான் பாப்பாங்க. ஓடவிட்டுக்கிட்டுப் பாக்க மாட்டாங்க. அறுந்திருக்கா இல்லையாங்கிறது அப்புறம்" என்றாள். அந்த மருத்துவர் அன்று ஒன்றும் சொல்லவில்லையாம். சில நாள் கழித்து வேறோர் அறுவையில், தைக்கத் தொடங்குமுன் அவராகவே திரும்பி, "கணக்கு சரியா சிஸ்டர்?" என்று கேட்டாராம்.

அறுவை அரங்கின் வரலாறு செவிலியரைப் பெரும்பாலும் கையாகவே நினைவுகூர்கிறது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் 1889-90இல், வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற அறுவை மருத்துவரின் அரங்கில் கரோலின் ஹாம்ப்டன் என்ற செவிலியர் இருந்தார். கிருமி நீக்கப் பயன்படுத்திய பாதரசக் கரைசலால் அவருடைய கைகள் புண்ணாயின. அந்தக் கைகளைக் காக்க ஹால்ஸ்டெட் ரப்பர் நிறுவனத்திடம் மெல்லிய கையுறைகள் செய்து வாங்கினார். நோயாளியைக் கிருமியிலிருந்து காக்கும் கருவியாகக் கையுறை பின்னரே அறியப்பட்டது. செவிலியரின் கை இவ்வாறு உலகத்துக்கு ஒரு கருவியைத் தந்தது. அவருடைய வாய்க்கு அரங்கில் முறையான இடம் கிடைக்க மேலும் நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

உலக சுகாதார நிறுவனம் 2008இல் அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. பத்தொன்பது கேள்விகள், மூன்று கட்டங்கள்: மயக்கமருந்துக்கு முன், கத்தி படுமுன், நோயாளி அரங்கைவிட்டுப் போகுமுன். இரண்டாம் கட்டத்தில் அரங்கிலுள்ள அனைவரும் தம் பெயரையும் பணியையும் சொல்ல வேண்டும். மூன்றாம் கட்டத்தில் எண்ணிக்கை சரி என்று செவிலியர் வாய்விட்டு அறிவிக்க வேண்டும். புதுதில்லி உட்பட எட்டு நகரங்களில் இதைச் செய்து பார்த்த ஆய்வு 2009இல் வெளிவந்தது. அறுவைக்குப் பின்னான இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 ஆகக் குறைந்திருந்தது. ஆனால் கனடாவின் ஒன்ராறியோ மாநிலத்தில் எல்லா மருத்துவமனைகளுக்கும் இதைக் கட்டாயமாக்கியபின் நடந்த ஆய்வு, 2014இல் வந்தது, குறிப்பிடத்தக்க குறைவு எதையும் காணவில்லை. தாளில் குறியிட்டு முடிப்பது ஒன்று. வாய் திறப்பதும் அதற்குச் செவி கொடுப்பதும் வேறொன்று என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன். தன் பெயரை ஒருமுறை உரக்கச் சொன்ன பெண்ணுக்கு, அரைமணி கழித்து 'நிறுத்துங்கள்' என்று சொல்வது சற்று எளிதாகலாம்.

நம் பக்கத்திலேயே இதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. எங்கள் ஊருக்குக் கிழக்கே, எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரத்தில் 1918இல் பிறந்தவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன பின்னும் கண் அறுவை செய்யப் பழகிக்கொண்டவர். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று 1976இல் மதுரையில் பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். திருநெல்வேலிக் கிளை 1988இல் வந்தது. மருத்துவர் ஒரு மேசையில் அறுவையை முடித்துத் திரும்பும்போது அடுத்த மேசையில் அடுத்த நோயாளி ஆயத்தமாக இருப்பார் என்பது அங்குள்ள முறை. அந்த ஆயத்தத்தைச் செய்பவர்கள் பெரும்பாலும் கிராமங்களிலிருந்து பள்ளிப்படிப்பு முடித்து வந்து, அங்கேயே இரண்டாண்டு பயிற்சி பெற்ற பெண்கள். அவர்கள் பட்டம் பெற்ற செவிலியர் அல்லர்; கண் மருத்துவத்துக்கென்றே பயிற்றப்பட்ட இடைநிலைப் பணியாளர்கள். மருத்துவரின் வேகம் முழுவதும் இவர்களுடைய ஒழுங்கின் மேல் நிற்கிறது.

என் தாயாருக்கு அங்கேதான் கண்புரை அறுவை நடந்தது. கண்ணைச் சுற்றி மட்டும் மரத்துப்போகச் செய்வதால் நோயாளிக்கு எல்லாம் கேட்கும். எங்கள் ஊர்க் கோயிலின் புற்றுமண்ணைப் பொட்டலமாக இடுப்பில் முடிந்துகொண்டு போனவர் அம்மா. திரும்பி வந்து, "டாக்டரு யாருன்னே தெரியல. ஒரு பிள்ள மட்டும் பக்கத்துலயே நின்னு, 'அசையாதீங்க பாட்டி, இந்தா முடிஞ்சிருச்சு'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தா" என்றார். உழைச்செல்வான் என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான உரையை நான் கேட்டதில்லை.

ஆனால் அன்பைப் புகழ்ந்துவிட்டு அறிவை மறந்துவிடுவது நம் வழக்கம். செவிலியரை அன்னை என்போம், தேவதை என்போம். 'நில்' என்று சொல்லும் அதிகாரம் தேவதைக்கு வேண்டியதில்லை. அரங்கச் செவிலியருக்கு வேண்டும். அதற்கு வேலையும் உறுதியாக இருக்க வேண்டும். உச்ச நீதிமன்ற ஆணையின்படி அமைந்த வல்லுநர் குழு 2016இல், தனியார் மருத்துவமனை எவ்வளவு சிறியதாயினும் செவிலியருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. அத்தொகை தம் கைக்கு வருவதில்லை என்று சொல்லும் செவிலியர் எனக்குத் தெரிந்தே பலர். நாளை வேலை இருக்குமா என்று அஞ்சும் ஒருவர், மூத்த மருத்துவரிடம் கணக்கு சரியில்லை என்று எப்படிச் சொல்வார்? அவருடைய ஊதியமும் நம் வயிற்றுக்குள் எது தங்கிவிடும் என்பதும் தொடர்பில்லாத செய்திகள் அல்ல.

பரிமேலழகர் அறிவை உழைச்செல்வானின் தகுதிகளுள் கடைசியாக வைத்தார். முதல் மூன்றும் சரியாக நடக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியது என்பதால்தான் அது அங்கே நிற்கிறது என்று இப்போது வகுப்பில் சொல்கிறேன். இது என் உரை, அவருடையதன்று. கையில் தையல் ஊசியை வைத்துக்கொண்டு, "எண்ணிவிட்டுத் தருகிறேன்" என்று சொன்ன ஒரு பெண்ணிடமிருந்து கிடைத்தது.