பிழை என்று நான் குறித்த விடை

ஆய்வேட்டின் மூன்றாம் இயலைத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறேன். சென்ற ஆண்டு ஒரு கருத்தரங்கில் அவ்வியலின் சுருக்கத்தை வாசித்தபோது கேட்டிருந்த நண்பர்கள் சிலர் இங்கே இருக்கிறார்கள். அன்று நான் சொன்ன முடிவு தவறு. அதை அவர்களுக்கு முதலில் தெரிவித்துவிட வேண்டும்.

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதியின் எல்லைச் சிற்றூர்களில் தமிழும் மலையாளமும் கலந்து பேசுவோர் நிறப்பெயர்களை எவ்வாறு ஆள்கின்றனர் என்பது என் ஆய்வு. நானும் அவ்வூர்க்காரியே. வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், கடைத்தெருவில் இரண்டும். வண்ண அட்டைகளைக் காட்டி நிறம் கேட்பது இத்துறையின் வழக்கம். அட்டைகள் சலிப்பூட்டியதால் மாமாவின் பழைய பெட்டியிலிருந்த காமிக்ஸ் இதழ்களையும் எடுத்துச் சென்றேன். முத்து, லயன் எனச் சிவகாசியிலிருந்து வந்தவை பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. என் கேள்விக்கு அவை உதவவில்லை. வண்ணத்தில் இருந்தது ஓர் ஆங்கில இதழ். ஸ்பைடர்மேனின் தொடக்ககாலக் கதை ஒன்றின் மறுபதிப்பு.

“இந்த உடுப்பு என்ன நிறம்?” என்று கேட்டேன். சிவப்பில் எவருக்கும் ஐயம் இல்லை. எஞ்சிய பகுதியை இளையோர் நீலம் என்றனர். என் பாட்டி கறுப்பு என்றார். அவரை ஒத்த வயதினர் சிலரும் அவ்வாறே சொன்னார்கள். தரவுத்தாளில் அவ்விடைகளுக்கு நேரே ‘பிழை’ என்று குறித்தேன். அதோடு நிற்கவும் இல்லை. முதியோர் வழக்கில் கறுப்பும் நீலமும் இன்னும் பிரியாத ஒரே நிறவகை என்று முடிவும் கட்டினேன். மொழிகளில் அடிப்படை நிறப்பெயர்கள் ஒரு வரிசையில் தோன்றுகின்றன, கறுப்பும் வெள்ளையும் முதலில், நீலம் பின்னரே என்று பிரென்ட் பெர்லினும் பால் கேயும் 1969-இல் முன்வைத்த கருத்து கைவசம் இருந்தது. நீல நிறப் பூவைத் தமிழ் கருங்குவளை என்கிறது, மலையாளமும் கரிங்கூவளம் என்கிறது. நீலகண்டனே கறைமிடற்றன். இவ்வளவு சான்று வாய்த்தால் எந்த ஆய்வாளருக்குத்தான் ஐயம் வரும்? கைதட்டலும் கிடைத்தது.

இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு காலை. வெளுத்த வேட்டிகளை நனைத்து வைத்திருந்த பாட்டி, கடைக்குப் போனால் நீலம் வாங்கி வரும்படி சொன்னார். ‘நீலம் போடுவது’ எங்கள் வீட்டில் நாள்தோறும் புழங்கும் சொல். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் சீருடையையும் அவர் நீலம் என்றே சொல்வார், ஒருபோதும் கறுப்பு என்றதில்லை. இது என் காதில் எத்தனை ஆண்டுகளாக விழுந்துகொண்டிருக்கிறது! அன்று மாலை அந்த இதழை மறுபடி அவர் முன் விரித்து, ஏன் கறுப்பு என்று கேட்டேன். முதன்முறை நான் கேட்கத் தவறிய கேள்வி அது.

“துணி கறுப்பாக்கும் மக்களே. வெட்டம் படுத இடம் நீலமாட்டு மினுங்குது.”

வெட்டம் என்றால் வெளிச்சம். பாட்டி மணமாவதற்கு முன் பாலராமபுரத்துத் தறிவீடுகளில் நூல் சுற்றியவர். கறுப்புச் சாயம் ஏற்றிய நூலை வெயிலில் பிடித்தால் நீலம் ஓடும் என்பது அவருக்குக் கைப்பழக்கத்தால் தெரியும். நான் காட்டியது தாளில் அச்சான வண்ணம். அவர் பார்த்தது துணி.

ஓவியர்கள் கருதியதும் அதுவே. கருமையை முழுதுமாக அப்பினால் தசையும் மடிப்பும் தெரியா, உருவம் நிழற்படலமாகிவிடும். எனவே ஒளி படும் இடத்தை வெறுமையாக விட்டுவிடுவார்கள். வண்ணம் இடுவோர் அவ்விடத்தை நிரப்புவார்கள். நான்கு மைகளைக் கொண்டு மலிவான தாளில் அச்சிட்ட காலத்தில் சாம்பல் நிறம் கலங்கித் தெரியும், நீலம் துலக்கமாக விழும். சூப்பர்மேனின் தலைமுடியில் நீலக்கீற்று இருந்தும் அவர் முடி நீலம் என்று எவரும் சொல்வதில்லை. முடி எத்தகையது என்பது நமக்குத் தெரியும். உடையைப் பற்றி அப்படி எதுவும் தெரியாது.

1962-இல் ஸ்டீவ் டிட்கோ வரைந்த ஸ்பைடர்மேன் உடையில் மை அடர்ந்திருக்கிறது, நீலம் அதன் இடைவெளிகளில் இருக்கிறது. பின்வந்தோர் மையைக் குறைக்கக் குறைக்க நீலம் பரவி, இறுதியில் நீல உடையாகவே நிலைத்தது. முதலில் கருதப்பட்டது கறுப்பா நீலமா என்ற வாதம் வாசகரிடையே ஓய்ந்தபாடில்லை. நான் இப்போது பாட்டியின் பக்கம். 1939-இல் தோன்றிய பேட்மேனின் மேலங்கிக்கும் இதே கதை நேர்ந்தது. இன்னும் சுவையானது 1984. அவ்வாண்டு ஸ்பைடர்மேனுக்குப் புதிய உடை வந்தது. அதிலும் அதே நீலக்கீற்றுகள். ஆனால் அதற்குக் ‘கறுப்பு உடை’ என்று பெயர் வழங்கியதால் வாசகர் நீலத்தை ஒளியாகவே படித்தனர். மொழியியல் மாணவி இதை முதலிலேயே கவனித்திருக்க வேண்டும்.

இதை எழுதும்போது வேறொன்றும் நினைவுக்கு வருகிறது. என் தம்பி நல்ல கறுப்பு. சிறுவயதில் அட்டமி ரோகிணி ஊர்வலத்தில் கண்ணன் வேடமிட அவன் முகத்திலும் கையிலும் நீலச்சாயம் பூசினார்கள். “கண்ணன் கறுப்புதானே, இவனுக்கு எதுக்குச் சாயம்?” என்று கேட்டார் பாட்டி. நாங்கள் சிரித்தோம். கிருஷ்ணன் என்ற பெயருக்கே கரியவன் என்றுதான் பொருள். ஆனால் எங்கள் கண்ணன், அமர் சித்திரக் கதையிலும் நாட்காட்டியிலும் பார்த்த நீலக் கண்ணன். தம்பி சிரித்தானா என்று நினைவில்லை.

இயலில் இப்போது கேள்வியை இரண்டாகப் பிரித்திருக்கிறேன்: இத்துணி என்ன நிறம்? இவ்விடத்தில் என் விரல் தொடும் வண்ணம் என்ன? முன்பு விடையளித்த அனைவரையும் மீண்டும் சந்திக்க வேண்டும். அவர்களுள் இருவர் இன்று உயிரோடு இல்லை. அவர்களின் விடைகளுக்கு நேரே இருந்த ‘பிழை’ என்னும் சொல்லை மட்டும் அடித்துவிட்டேன்.

பாறசாலை, களியக்காவிளைப் பக்கம் எவரிடமேனும் பழைய வண்ணக் காமிக்ஸ் இதழ்கள் இருப்பின் தெரிவியுங்கள். சில நாள்களில் பத்திரமாகத் திருப்பித் தந்துவிடுவேன்.