என்டர் தட்டும்வரை

2019 ஜூனில் புழல் ஏரி வறண்டு பாளம் பாளமாய் வெடித்துக் கிடந்ததைப் பார்த்த பிறகுதான், எங்கள் குடியிருப்பின் சம்ப்பைக் கண்காணிக்க ஒரு நிரல் எழுத உட்கார்ந்தேன். மோட்டார் அறையில் இருக்கும் சின்னப் பெட்டி, தண்ணீர் மட்டம் மாறும்போதெல்லாம் ஒரு வரி அனுப்பும். நான் கீபோர்டில் தட்டும் கட்டளைக்கு மோட்டார் ஓடும், நிற்கும். எழுதியது ஸ்கீம் மொழியின் ஒரு வடிவமான சிக்கனில்.

ஒரு நாள் காலை வாட்ச்மேன் அண்ணன் போன் செய்தார். "சார், சம்ப் காலி. லாரிக்குச் சொல்லலையா?" திரையில் கர்சர் மட்டும் மின்னிக்கொண்டிருந்தது. சும்மா என்டரைத் தட்டினேன். ராத்திரி வந்த ஆறு எச்சரிக்கைகளும் மடமடவென்று கொட்டின.

சாக்கெட்டுக்கு ஒரு த்ரெட், கீபோர்டுக்கு ஒரு த்ரெட் என்று பிரித்துத்தான் எழுதியிருந்தேன். ஆனால் சிக்கனின் த்ரெட்கள் எத்தனை இருந்தாலும் கெர்னலின் கணக்கில் ஒன்றுதான். சாக்கெட்டில் காத்திருக்கும் த்ரெட் ஒதுங்கி மற்றவற்றுக்கு வழிவிடும். டெர்மினலில் ரீட்-லைன் போய் நின்றால் மொத்த நிரலும் நின்றுவிடும்.

தீர்வு ஒரே வரி. படிப்பதற்கு முன்னால் த்ரெட்-வெயிட்-ஃபார்-ஐ/ஓ! என்று, உள்ளீடு வரும் 0-ஆம் டிஸ்கிரிப்டரைக் காட்டிச் சொல்லிவிட்டால், அங்கே ஏதாவது வந்த பிறகுதான் அந்த த்ரெட் எழும். பாதி வரி தட்டிவிட்டு டீ குடிக்கப் போனால்? அதற்கும் பயமில்லை. என்டர் விழும்வரை அந்த வரியை டெர்மினலே கையில் வைத்திருக்கும். எழும்போது முழு வரி தயார். 1975-இல் சஸ்மனும் ஸ்டீலும் ஸ்கீமை உருவாக்கியதே, ஒரே நேரத்தில் பலர் செய்தி பரிமாறும் ஹியூவிட்டின் ஆக்டர் முறையைப் புரிந்துகொள்ளத்தான். இந்த வேலைக்கு இந்த மொழி பொருந்துவதில் எனக்கு வியப்பில்லை.

பிறகு இன்னொரு ஸ்கிரிப்டிலிருந்து பைப் வழியாகக் கட்டளை அனுப்பிப் பார்த்தேன். இரண்டு வரி சேர்ந்து வந்தால் இரண்டாவது தூங்கிவிட்டது. முதல் வரிக்காகப் போன ரீட்-லைன் இரண்டையும் அள்ளித் தன் பஃபரில் போட்டுக்கொண்டது. பைப் காலியாகத் தெரிய, த்ரெட் மறுபடி காத்திருக்கப் போய்விட்டது. கண்டுபிடிக்க இரண்டு இரவு ஆனது. இப்போது டிஸ்கிரிப்டரிலிருந்து நேராக எடுத்து, வரிகளை நானே வெட்டுகிறேன். மெனக்கெடத் தகுந்த இடம் அது.

நேற்று 'மோட்' என்று தட்டும்போதே நடுவில் சம்ப்பின் வரி வந்து விழுந்தது. தட்டிய எழுத்துகளை அடுத்த வரியில் மறுபடி வரைந்து காட்ட வேண்டும். இன்றைக்கு அந்த வேலை.